கல்வி நிறுவனப் பணியாளர் படைப்புகளின் உரிமை

கல்லூரி, பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றில் பணிபுரிவோர் உருவாக்கும் பாடக்குறிப்பு, நூல், வினாத்தாள், கண்டுபிடிப்பு முதலியவை யாருக்குச் சொந்தம் என்பதை வரையறுக்கும் சட்டநெறி. எழுத்துப் படைப்புகள் பதிப்புரிமையின்கீழ் வரும். கண்டுபிடிப்புகள் காப்புரிமையின்கீழ் வரும். சம்பளம் வாங்கும் காலத்தில் எழுதியதெல்லாம் நிர்வாகத்தின் உடைமை என்று ஆசிரியர்களே நம்பிவருவது தவறு.

இத்துறையில் மூத்தவை வகுப்புரை பற்றிய வழக்குகள். லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் அறுவை மருத்துவம் கற்பித்த ஜான் அபர்னெத்தியின் விரிவுரைகளை, 1823இல் தொடங்கிய ‘லான்செட்’ இதழ் அவர் இசைவின்றி அச்சிட்டது. 1825இல் எல்டன் பிரபு அதற்குத் தடை விதித்தார். மாணவர் தம் அறிவுக்காகக் குறிப்பெடுக்கலாம், அதை விற்றுக் காசாக்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஒழுக்கவியல் பேராசிரியர் எட்வர்ட் கேர்டின் உரைகளைப் புத்தக வணிகர் சைம் வெளியிட்டார். ஸ்காட்லாந்து நீதிமன்றம் பேராசிரியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1887இல் பிரபுக்கள் அவை அதை மாற்றியது. வகுப்பில் பேசுவது ஊரறியப் பேசுவதாகாது, உரை பேராசிரியருடையதே.

வினாத்தாளுக்கு அடிப்படையாக அமைந்தது 1916ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழக வழக்கு. மெட்ரிகுலேஷன் தேர்வின் வினாத்தாள்களைத் தனியார் பதிப்பகம் ஒன்று மறுபதிப்புச் செய்ய, பல்கலைக்கழகத்திடம் உரிமை பெற்றிருந்த அச்சகம் வழக்குத் தொடுத்தது. கணக்கு வினாக்களில் புதுமை என்ன இருக்கிறது என்று எதிர்த்தரப்பு கேட்டது. தேர்வாளர்களான பேராசிரியர் லாட்ஜும் ஜாக்சனும் வினாக்களைத் தாமே யோசித்ததாகவும், வருங்கால வினாக்களுக்கென முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து எடுத்ததாகவும் சாட்சி சொன்னார்கள். நீதிபதி பீட்டர்சன் அதை ஏற்றார். சட்டத்தில் ‘இலக்கியப் படைப்பு’ என்பதற்கு எழுதப்பட்டது என்பதே பொருள், நடையழகு தேவையில்லை என்றார். தேர்வாளர்கள் தமக்கு வசதியான நேரத்தில் வினாத்தாள் தயாரித்துத் தொகையாக ஊதியம் பெற்றவர்கள். பல்கலைக்கழகத்தின் வேலையாட்கள் அல்லர். உரிமை பல்கலைக்கழகத்தைச் சேரும் என்று நியமன நிபந்தனை சொல்லியும், அவர்கள் கையெழுத்திட்ட உரிமை மாற்ற ஆவணம் இல்லாததால் பதிப்புரிமை அவர்களிடமே நின்றது. அவ்விருவரும் வாதிகளாகச் சேர்ந்துகொண்டதால் அவர்களுடைய தாள்களுக்கு மட்டுமே வழக்கு வென்றது.

அவ்வழக்கில் பயன்பட்ட 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் 1914இல் சில மாற்றங்களுடன் இந்தியாவுக்கும் வந்தது. இன்று நடப்பிலுள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவும் அந்த வழியில் செல்கிறது: வேலை ஒப்பந்தத்தின்கீழ், வேலையின் போக்கில் உருவானது, மாறான உடன்பாடு இல்லாவிடில், முதலாளிக்கு உரியது. ‘வேலையின் போக்கில்’ என்ற சொற்களே இங்கு முக்கியம். பாடம் நடத்த நியமிக்கப்பட்டவருக்குப் பாடநூல் எழுதுவது வேலையல்ல. 1952இல் அறிக்கையான ஓர் ஆங்கில வழக்கில் டென்னிங் பிரபு இதைத் தெளிவாக்கினார்: வாய்மொழியாகக் கற்பிக்கக் கடமைப்பட்ட விரிவுரையாளர் தம் உரையை எழுதிவைத்தால் அந்த எழுத்து அவருடையதே. நிர்வாகம் பணித்துத் தயாரித்த கையேடு மட்டும் நிர்வாகத்தைச் சேரும்.

காப்புரிமையில், இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி விண்ணப்பிக்கும் உரிமை உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கோ அவரிடமிருந்து உரிமை பெற்றவருக்கோ உண்டு. ஆகவே நிறுவனங்கள் பணியில் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. அந்தத் தாளின் வாசகமே வழக்கை முடிவுசெய்யும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு ‘உரிமை மாற்ற ஒப்புகிறேன்’ என்றும், ஒரு தனியார் நிறுவனத்துக்கு ‘இதனால் உரிமை மாற்றுகிறேன்’ என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். 2011இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. தம் கண்டுபிடிப்பைத் தாமே வைத்துக்கொள்ள ஜெர்மனியில் பேராசிரியருக்கிருந்த தனிச்சலுகை 2002இல் நீங்கியது, சுவீடனில் தொடர்கிறது.

பதிவுசெய்த வகுப்புக் காணொளியில் படத்தின் உரிமை தயாரித்தவருக்கும், அதற்கு அடிப்படையான எழுத்தின் உரிமை எழுதியவருக்குமாகப் பிரியும். பதிப்புரிமையை முழுதாக எழுதிக் கொடுத்த பிறகும், படைப்பு தம்முடையது என்று உரிமை கோர 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆசிரியருக்கு இடமளிக்கிறது.