டெங்கு: டி செல்கள் காவல்காரங்களா, கலகக்காரங்களா?

1/ "ஒரு தடவை டெங்கு வந்துட்டா இனி வராது"னு பலர் நினைக்கிறாங்க. தப்பு. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. இரண்டாவது முறை வேறு வகை தாக்கும்போதுதான் ஆபத்து அதிகம். ஏன்? இதுக்குப் பின்னால 60 வருஷ வரலாறு இருக்கு. பார்ப்போம்.

2/ 1960கள், பாங்காக். குழந்தைகள் ரத்தக்கசிவு, ஷாக்குடன் வந்தார்கள். ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் கவனித்தார்: அவர்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டாவது டெங்கு.

3/ அடுத்து கியூபா. 1977இல் வகை 1 பரவியது. 1981இல் வகை 2 வந்தது: 158 மரணம், அதில் 101 குழந்தைகள். 1997இல் சாண்டியாகோ நகரில் மறுபடி வகை 2. இம்முறை கடுமையாகப் பாதிக்கப்பட்டது பெரியவர்கள். வகை 1-ஐ சந்திக்காத சின்னப் பிள்ளைகள் தப்பித்தார்கள். 20 வருஷம் ஆகியும் உடம்பு பழசை மறக்கலை!

4/ முதல் குற்றவாளி ஆன்டிபாடி. பழைய வகைக்கு உருவானது புது வகையை அரைகுறையாகப் பிடிக்கும். அழிக்காது; செல்லுக்குள்ளே கொண்டுபோய் விட்டுடும்.

5/ அடுத்த சந்தேகம் டி செல்கள் மேல. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது இவற்றின் வேலை. 2003இல் தாய்லாந்து நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பல டி செல்கள் இப்போதைய வைரஸை விட்டுவிட்டு, வேறு வகையைத்தான் நன்றாக அடையாளம் கண்டன. "டி செல்லே வில்லனோ?" என்ற பேச்சு வலுத்தது.

6/ 2013இல் கதை திரும்பியது. கொழும்பில் ரத்ததானம் செய்தவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். டெங்கு கடுமையாகும் வாய்ப்பு குறைவான மரபணு வகை உள்ளவர்களிடம் டி செல்கள் வலுவாகவும் பலவிதமாகவும் வேலை செய்தன. ஆக, நல்ல டி செல் காவல்காரன்தான்.

7/ இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்ல. 2016இல் பிலிப்பைன்ஸில் பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி போட்டார்கள். 8 லட்சத்துக்கும் மேல். முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு, பின்னாளில் டெங்கு வந்தால் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பாளரே அறிவித்தார்கள். திட்டம் நின்றது. மக்களுக்குத் தடுப்பூசி மேலேயே நம்பிக்கை ஆட்டம் கண்டது.

8/ அந்த ஊசியின் அடித்தளம் மஞ்சள் காய்ச்சல் வைரஸ். வெளிச்சட்டை மட்டும் டெங்கு. ஆனா டி செல்கள் அதிகம் குறிவைப்பது உள்ளே இருக்கும் டெங்கு புரதங்களை. அவை அதில் இல்லை. முதல் ஊசியே 'முதல் டெங்கு' மாதிரி ஆனதோடு, இந்தக் குறையும் ஒரு காரணமா இருக்கலாம்னு கருதுறாங்க. பின்னர் வந்த கியூடெங்கா, வலுவிழந்த டெங்கு வகை 2-ஐ அடித்தளமாகக் கொண்டது.

9/ நமக்கு என்ன பாடம்? ஏற்கனவே டெங்கு வந்தவங்க, அடுத்த காய்ச்சலில் அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. காய்ச்சல் இறங்கும் நாள்தான் உஷாரா இருக்கணும்: கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வு இருந்தா உடனே மருத்துவமனை. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வேண்டாம். வீட்டைச் சுத்தித் தேங்கிய தண்ணிய இன்னைக்கே கொட்டுங்க.