துருவ ஜோதியும் தென்னாட்டு வானமும்

தென்னாட்டுக் கல்லாவியில் நின்று இரவெல்லாம் வடதிசையை நோக்கினாலும் துருவ ஜோதி தென்படாது. ஆயினும் அது மூளுங் காலத்துக் காந்தக் கலக்கம் நம் நாட்டையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு, 1859 செப்டம்பரில் பம்பாய்க் கொலாபாவில் பதிவான பெரும் காந்தப்புயலே சாட்சி. துருவ வானில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எலெக்ட்ரான்கள் அடர்ந்து, சிற்றலை வானொலியை அடக்கியும், ரேடாருக்கு விமானமல்லாத எதிரொலிகளை அனுப்பியும் குழப்பம் விளைவிக்கின்றன.

அதே விந்தை நம் உச்சிவானிலும் நிகழ்வதுதான் ஆச்சரியம். காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்வதால், பகலில் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதற்கு இயற்பியலாளர் சிட்னி சாப்மன் 1951-இல் நாமகரணம் செய்தார். 1899-இல் தோன்றிய கொடைக்கானல் வானாய்வகத்தில், மேல்நோக்கி ஏவிய ரேடியோத் துடிப்புகளின் எதிரொலியைப் படச்சுருளில் பதித்தவர்கள், அந்த உயரத்தில் அலைவரிசை மாறியும் தளராது கிடையாக நீண்ட மங்கிய கறையொன்றைக் கண்டார்கள். மின்னோட்டம் திசை திரும்பிய நாழிகைகளில் அது மறைந்துபோயிற்று. ஒளியற்ற ஜோதி என்றே இதைச் சொல்லத் துணிவேன். எலெக்ட்ரான்கள் அயனிகளினூடே அங்குள்ள ஒலிவேகத்தை விஞ்சிப் பாயும்போது அலைகள் பிறக்குமென 1963-இல் இயற்பியலாளர்கள் பார்லியும் பூனிமனும் தனித்தனியே நிறுவிய விதி, துருவத்துக்கும் காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பாவுக்கும் ஒருங்கே பொருந்திற்று.