கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: அம்பிளிக்கை முதல் பொத்தேரி வரை

கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை வெறுங்கண்ணால் கண்டறியும் முறையை மருத்துவத் துறையில் வி.ஐ.ஏ. என்பார்கள். இது உயிரிழப்பைக் குறைக்கும் என்பதற்கான முதல் வலுவான சான்று திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் கிடைத்தது.

பின்னணி

இந்நோய் முற்ற, பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். மேலைநாடுகளில் பரவிய, கருப்பை வாய்ச் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனைக்கு ஆய்வகமும் பயிற்சி பெற்ற நிபுணரும் வேண்டும். முடிவு தெரிய மீண்டும் ஒருமுறை வர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எளிதல்ல. எளிய மாற்று வழிகளைத் தேடி 1999இல் ஐந்து அமைப்புகள் பன்னாட்டுக் கூட்டணி ஒன்றை அமைத்தன. கேட்ஸ் அறக்கட்டளை நிதி அளித்தது.

அம்பிளிக்கை ஆய்வு

அக்கூட்டணியில் இடம்பெற்ற, லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் இயங்கிய கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக நல மையம், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை 2000இல் கைகோத்தன. ஆய்வை வழிநடத்தியவர் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன். 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். 30,958 பேர் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தனர்.

பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பஞ்சில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை நனைத்துத் தடவி, ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறுபட்ட திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அத்திசுவை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே அளித்தனர்.

2007இல் 'தி லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. அழைக்கப்பட்ட குழுவில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதுள்ளோரிடம் பயன் இன்னும் கூடுதல்.

மாநிலத் திட்டம்

அதே 2007இல், உலக வங்கி உதவியுடன் இயங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடிப் பணியைத் தொடங்கியது. அயோடின் தடவிப் பார்க்கும் முறையும் சேர்க்கப்பட்டது. இயல்பான திசு கரும்பழுப்பாக மாறும். மாறுபட்டது மஞ்சளாகத் தெரியும். பின்னர் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது. 2016இல் நடுவண் அரசின் நெறிமுறை, 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. பரிசோதனையைப் பரிந்துரைத்தது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம், இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் டி.என்.ஏ. பரிசோதனைக்கே முதலிடம் தருகிறது.

இன்றைய தேவை

அம்பிளிக்கையில் வீடு தேடி அழைத்தும் வந்தவர்கள் 31,343 பேர்தான். மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே மருத்துவக் கல்லூரியும் ரயில் நிலையமும் உள்ள பொத்தேரி போன்ற புறநகரிலும் கூச்சம், அச்சம், ஒருநாள் கூலி இழப்பு ஆகியவை பெண்களைத் தடுக்கக்கூடும். வலியோ அறிகுறியோ இல்லாதபோதே வர வேண்டிய பரிசோதனை இது. அதை வீட்டுக்கு வீடு எடுத்துச் சொல்வதும், திட்டு தெரிந்தவரைச் சிகிச்சை முடியும்வரை கைவிடாமல் தொடர்வதும் பரிசோதனைக்கு இணையான கடமைகள்.