தேர் முட்டுக்கட்டையும் அமீலியாவின் விமானமும்



ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் வீதி திரும்பும்போது எல்லோரும் பெருமாளைப் பார்ப்பார்கள். நான் முட்டுக்கட்டை போடுகிறவர்களையும் பார்ப்பேன். தேர் லேசாக விலகும்போதே கட்டை சக்கரத்தடியில் போக வேண்டும். நன்றாக விலகிய பிறகு போட்டுப் பயனில்லை. வரலாற்று வாத்தியாரான எனக்கு அப்போதெல்லாம் ஒரு விமானத்தின் ஞாபகம் வரும்.

சிறுவயதில் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துத் திருச்சி விமான நிலையத்துக்கு டக்கோட்டா பார்க்க அழைத்துப் போனார். மூக்கை நிமிர்த்தி, வாலைத் தரையில் வைத்து நின்றது. முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். அந்தக் காலத்து விமானங்கள் பெரும்பாலும் வாலூன்றி நிற்பவைதாம். 1935 நவம்பர் 27-ல் கொழும்பு இரத்மலானையில் முதன்முதலில் இறங்கிய விமானமும் அந்த வகைதான். சென்னை ஃப்ளையிங் கிளப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிச்சென்ற சின்ன 'புஸ் மாத்' அது.

புல்தரைக்கும் மண்தரைக்கும் இந்த அமைப்பு தோது. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. விமானத்தின் பாரம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியை முன்னால் நின்று இழுத்தால் நேராக வரும். பின்னாலிருந்து தள்ளினால் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். இதுவும் அப்படித்தான். கிளம்பும்போது வேகம் போதாததால் வால் சுக்கானில் காற்றின் பிடி குறைவு. வால் தரையைவிட்டு எழும்போது சுழலும் விசிறி மூக்கை ஒரு பக்கம் இழுக்கும். விமானி காலால் உடனுக்குடன் திருத்தாவிட்டால் விமானம் பம்பரமாகச் சுற்றிவிடும்.

உலகப் புகழ்பெற்ற விமானி அமீலியா இயர்ஹார்ட்டுக்கே இது நடந்தது. 1937 மார்ச் 20, ஹவாயின் லூக் ஃபீல்ட். உலகைச் சுற்ற மேற்கு நோக்கிப் புறப்பட்ட அவருடைய எலெக்ட்ரா விமானம், எரிபொருள் பாரத்தோடு ஓடும்போது வலப்பக்கம் விலகியது. இடது எஞ்சினின் வேகத்தைக் குறைத்ததாக அவரே எழுதினார். உடனே அது இடப்பக்கம் சுழன்றது. சக்கரக் கால் ஒடிந்து, வயிறு தரையில் தேய்ந்து நின்றது. டயர் வெடித்ததா, ஓட்டியதில் பிழையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

உள்ளே இருந்த மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. விமானத்தைக் கப்பலில் கலிபோர்னியாவுக்கு அனுப்பிப் பழுதுபார்ப்பதற்குள் பருவக்காற்று மாறியது; பயணத் திசையைக் கிழக்காக மாற்றினார்கள். அதனால்தான் அந்த ஜூன் மாதம் அமீலியா கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் வந்தார். ரேடியோவிலும் மோர்ஸ் தந்தியிலும் தேர்ந்த ஹாரி மேனிங் விடுப்பு தீர்ந்து விலகிக்கொண்டார். மிச்சம் இருந்தவர் வழிகாட்டி ஃப்ரெட் நூனன் மட்டுமே.

ஜூலை 2-ல் பசிபிக்கில் ஹௌலண்ட் என்ற பொட்டுத் தீவைத் தேடியபோது, காத்திருந்த இட்டாஸ்கா கப்பலுக்கு அமீலியாவின் குரல் கேட்டது. கப்பல் சொன்ன பதில்தான் அவரிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. இருவரும் திரும்பவே இல்லை. மேனிங் கூட இருந்திருந்தால்? யாராலும் சொல்ல முடியாது.

பரீட்சையில் காரணம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் கடைசியாக நடந்ததையே எழுதுவார்கள். "மூணு மாசம் பின்னாடி போய்ப் பாருடா" என்பேன். ஹவாய் ஓடுபாதையில் சில நொடிகள் விலகிய விமானம், யார் கூட வருவது, எந்தத் திசையில் போவது என்பதையே மாற்றிவிட்டது.

திருச்சியில் டக்கோட்டா ஏறிய பெரியவர்கள் யாரேனும் இருந்தால், வால் எழும்பிய அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்களேன்.