உத்திரத்தில் உறங்கும் கார்பன்

திருவரங்கம் கோயிலின் ஏழு மதில்களுக்குள் மக்கள் குடியிருக்கும் வீதிகளும் அடங்கியுள்ளன. உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ எஞ்சி நிற்கும் பழைய வீடு ஒன்றின் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல்தளத்தைத் தாங்கி வரிசையாக மரக்கட்டைகள் தெரியும். பல தலைமுறைகளுக்கு முந்தைய காற்றின் ஒரு பகுதி அந்தக் கட்டைகளில் அடைபட்டுக் கிடக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் அது உண்மை.

காற்று மரமாகிறது

மரம் தன் உடலைக் கட்டுவதற்கு வேண்டிய கார்பனை மண்ணிலிருந்து எடுப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகள் ஏற்று, சூரிய ஒளியின் உதவியால் அதை மாவுப் பொருளாகவும் நாராகவும் மாற்றுகின்றன. ஈரம் நீக்கிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பனே ஆகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 3 மீட்டர் நீளம், 15 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலமுள்ள தேக்குக் கட்டை ஏறக்குறைய 29 கிலோ இருக்கும். ஈரத்தைக் கழித்தால் 26 கிலோ. அதில் கார்பன் 13 கிலோ. 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும். எனவே இந்த ஒரு கட்டை சுமார் 48 கிலோ வாயுவைச் சிறைப்படுத்தி வைத்திருக்கிறது. கூடத்தில் இத்தகைய கட்டைகள் இருபது இருந்தால், ஏறத்தாழ ஒரு டன்! கட்டை எரியாமலும், உளுத்துப் போகாமலும், கறையானுக்கு இரையாகாமலும் இருக்கும் வரை அந்தச் சிறை திறக்காது.

கடல் கடந்து வந்த தேக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்குப் பர்மாத் தேக்கு பெருமளவில் வந்தது. 1826இல் மோல்மேன் பகுதியும் 1852இல் ரங்கூன் பகுதியும் ஆங்கிலேயர் வசமானபின் இவ்வாணிகம் பெருகியது. பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். ஆகையால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, மரத்தை நின்றபடியே சில ஆண்டுகள் உலரவிட்டுப் பின்னரே வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டனர்.

அவ்வாறு வந்த கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்துத் தளம் அமைத்தார்கள். இதுவே ‘மெட்ராஸ் ஒட்டு’. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவில் பெரும்பகுதியை, காரை இறுகும்போது காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

சிமெண்ட் வந்தது

1939இல் திருச்சிக்கு அருகே டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை தொடங்கியது. பண்டைக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அப்பகுதியில் ஏராளம். சிமெண்டும் இரும்புக் கம்பியும் கூடியபோது அகலமான தளங்களும் உயர்ந்த மாடிகளும் எளிதாயின. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சூளையில் எரியும் நிலக்கரியின் புகை தனி. கான்கிரீட் பின்னாளில் திரும்ப ஏற்பது இதில் ஒரு பகுதியே.

அப்படியானால் மரத்தாலேயே கட்டலாமா?

இங்கேதான் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. கப்பல் கட்டுவதற்கென வெட்டி வெட்டி, மலபார்க் காடுகளில் பெரிய தேக்கு அருகிப்போயிற்று. அதன் பின்னரே 1840களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் என்பவரின் துணையோடு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார். பர்மாவின் கதையும் வேறல்ல. காடுகள் குறைந்துவந்த நிலையில் மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் நாட்டில் மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை விதித்தது. 2020இல் அத்தடை நீங்கியது.

வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால் அந்தப் புதுமரம் மேலும் வாயுவை ஏற்கும். வீட்டிலுள்ள பழைய மரமோ தன் பங்கைக் காத்து நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அது சேமிப்பு. காட்டை அழித்து வீடு கட்டுவது, வங்கியில் இருந்த பணத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வருமானம் வந்தது என்று மகிழ்வதைப் போன்றது. வெட்டும்போது கழிவாகும் கிளையும் தூளும் விரைவில் வாயுவாகிவிடுவதால், பெட்டிக்கு வந்து சேர்வதும் முழுத் தொகையன்று.

ஆனால் ஏற்கெனவே வீட்டிலுள்ள மரத்துக்கு இந்த ஐயம் எழுவதில்லை. இன்று பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இறக்கிய உத்திரம் விறகாக அடுப்புக்குப் போனால், நூறாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் புகையாகிவிடும். அதையே இழைத்துக் கதவாகவோ சன்னலாகவோ கட்டிலாகவோ ஆக்கினால், இன்னும் இரண்டு தலைமுறைக்கு அது காற்றில் கலக்காது. அந்த அளவுக்குப் புதுமரம் வெட்டும் தேவையும் குறையும். உங்கள் தெருவில் ஒரு பழைய வீடு இடிபடுமானால், அதன் கட்டைகள் எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.