தூரிகையும் தகுதிச் சான்றும்

நோயுற்ற ஒருவரின் அருகே அமர்ந்து அவரைப் படம் வரையவோ பாடவோ செய்வதற்கு ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும்? கத்தியெடுத்து உடலைத் திறப்பவருக்குப் பட்டம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு தாளையும் சிறிது வண்ணத்தையும் நீட்டுவதற்கு அன்பும் பொறுமையும் போதாவா என்று கேட்கத் தோன்றும். பிரிட்டனில் இக்கேள்விக்கு 1942 முதல் 1997 வரையிலான ஐம்பத்தைந்து ஆண்டுகளில் நான்கு விடைகள் கூறப்பட்டன. அவை ஒன்றோடொன்று எளிதில் இணங்கும் விடைகளும் அல்ல. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல்லைக் குறித்துச் சிறிது சிந்திப்போம். 'தகு' என்னும் அடியிலிருந்து பிறந்த 'தகுதி' என்ற சொல்லுக்குப் பொருத்தம் என்பது பழம்பொருள். இன்றோ விண்ணப்பப் படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்துக்குள் அச்சொல் அடங்கிவிட்டது. பொருத்தமும் சான்றிதழும் ஒன்றுதானா, வேறு வேறா என்பதே நாம் காணப்போகும் வரலாற்றின் அடிப்படைச் சிக்கல்.

முதல் விடை: நோயை அறிந்திருத்தல்

ஏட்ரியன் ஹில் (1895–1977) ஓர் ஓவியர். முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனைக்குச் சென்று அகழிகளையும் சிதைந்த ஊர்களையும் வரைந்தவர். 1938ஆம் ஆண்டில் காசநோய் கண்டு, சஸெக்ஸ் பகுதியில் மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரிலிருந்த சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். காசநோய்க்கு மருந்து கிடைக்காத காலம் அது. படுக்கையில் அசையாது கிடப்பதே முதன்மைச் சிகிச்சை. மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக் கிடந்த ஹில், கட்டிலருகே கண்ணில் பட்ட சிறு பொருள்களை வரையத் தொடங்கினார். தம் மனம் தேறுவதை உணர்ந்தார். பின்னர் அதே மருத்துவமனையில் போரில் காயமுற்றுத் திரும்பியவர்களுக்கும் பிற நோயாளிகளுக்கும் வரையக் கற்றுக்கொடுத்தார். தாம் செய்துவந்த பணிக்கு 1942இல் 'ஓவியச் சிகிச்சை' என்று அவர் பெயரிட்டார். அப்பெயரே நிலைத்தது. 1945இல் 'நோய்க்கு எதிராகக் கலை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலும் எழுதினார்.

ஹில்லுக்கு மருத்துவம் தெரியாது, உளவியலும் பயின்றவரல்லர். அவருக்கிருந்த தகுதிகள் இரண்டு: அவர் ஓவியர், அவர் நோயாளியாகவும் இருந்தவர். படுக்கையில் கிடப்பவனுக்கு நாள் எவ்வளவு நீளமானது என்பதை அவர் எந்த நூலிலும் படித்து அறியவில்லை.

இரண்டாம் விடை: அறியாதிருத்தல்

அக்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் மருத்துவமனைகளுக்கு ஓவியப் படிகளை இரவல் தந்து, அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஆட்களையும் அனுப்பிவந்தது. ஹில்லோடு இத்திட்டத்தில் பங்குகொண்டவர்களுள் எட்வர்ட் ஆடம்சன் (1911–1996) ஒருவர். அவ்வகையில் அவர் சர்ரே மாவட்டத்திலிருந்த நெதர்ன் மனநல மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஒரு நோயாளி அவரிடம் சில தாள்களைக் கொடுத்தார். கழிப்பறைத் தாளில், எரிந்த தீக்குச்சியின் கரியால் வரைந்த படங்கள் அவை. வரைய வேண்டும் என்ற வேட்கைக்குத் தாளோ கரிக்கோலோ கொடுப்பாரில்லாத இடத்தில் பிறந்த ஓவியங்கள்.

1946இல் ஆடம்சன் அம்மருத்துவமனையில் ஓவியராகப் பணியமர்த்தப்பட்டார். அவரை அமர்த்தியவர் கண்காணிப்பாளரான மருத்துவர் எரிக் கன்னிங்ஹாம் டாக்ஸ். இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தில் நெதர்ன், மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டும் லூகாட்டமி அறுவை நடைபெற்ற இடங்களுள் ஒன்று. நோயாளிகளின் ஓவியங்கள் அவர்களது மனநிலையையும் சிகிச்சையால் நேரும் மாற்றத்தையும் காட்டுமா என்று ஆராய மருத்துவர்கள் விரும்பினர். ஆகவே வரைபவரின் மனத்தில் வேறொருவரின் கருத்து புகுந்துவிடலாகாது. ஓவிய அறையில் இருப்பவர் உளவியல் பேசக்கூடாது. படத்துக்கு விளக்கம் கூறக்கூடாது. வரையும் முறையைக்கூடக் கற்பிக்கக்கூடாது. அதாவது மனநலக் கல்வி இல்லாமையே அப்பணிக்குரிய தகுதியாகக் கொள்ளப்பட்டது!

ஆய்வுக்காக விதிக்கப்பட்ட இக்கட்டுப்பாட்டை ஆடம்சன் காலப்போக்கில் தம் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டார். 1981இல் ஓய்வுபெறும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், அவர் அந்த அறையில் இருந்தார். வந்தவர் வரைந்தனர், அவர் உடனிருந்தார். வரைந்தவற்றைத் தூக்கியெறியாமல் சேர்த்துவைத்தார். அவற்றுள் எஞ்சிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இன்று லண்டனில் வெல்கம் சேகரிப்பின் பாதுகாப்பில் உள்ளன. ஆய்வுக்குரிய தடயங்களாக மருத்துவர்கள் கருதியவற்றை மனிதரின் படைப்புகளாகக் கருதிக் காத்தவர், உளவியல் பயிலாத இந்த ஓவியர்தாம்.

மூன்றாம் விடை: தன்னை அறிதல்

இதே ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான முயற்சியொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1942இல் எக்ஸிடர் நகரை ஒட்டி ஐரீன் சாம்பர்நௌன், கில்பர்ட் சாம்பர்நௌன் இணையர் விதிமீட் என்னும் இல்லத்தை நிறுவினர். ஐரீன், யுங் வழிவந்த உளப்பகுப்பாய்வில் ஈடுபட்டவர். உளச்சிகிச்சையும் ஓவிய அறையும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தன. படம் மனத்தின் ஆழத்திலிருந்து வரும் செய்தி. அதை எதிர்கொள்பவருக்குத் தம் மனத்தின் ஆழமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பிற்காலத்தில் ஓவியச் சிகிச்சையராகப் பெயர்பெற்ற சிலர் இவ்வில்லத்தில் பழகித் தேர்ந்தவர்களே.

இவ்வாறு 1950களில் ஒரே தொழிலின் பெயரால் மூன்று தகுதிகள் வழக்கிலிருந்தன. நோயை நேரில் அறிந்திருத்தல், விளக்காமல் உடனிருக்கத் தெரிந்திருத்தல், தன் மனத்தை அறிந்திருத்தல் என்பன அவை. மூன்றுக்கும் சான்றிதழ் கிடையாது.

சங்கமும் வகுப்பறையும்

1964இல் பிரிட்டிஷ் ஓவியச் சிகிச்சையர் சங்கம் தோன்றியது. ஹில் அதன் தலைவரானார். நிர்வாகக் குழுவை முதலில் தலைமையேற்று நடத்தியவர் ஆடம்சன். சங்கம் என்று ஒன்று தோன்றியதும் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்ற கேள்வியும் உடன் தோன்றிவிடுகிறது. மருத்துவமனைகளில் அப்போது பணியாற்றியவர்கள் பல வகையினர். கலைக் கல்லூரியில் படித்தவர், பள்ளி ஆசிரியர், வாரம் ஒருநாள் வந்துபோகும் தன்னார்வலர் என எல்லோரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். ஊதியமும் இடத்துக்கு இடம் வேறுபட்டது.

இசைத் துறையிலும் இதற்கு இணையான மாற்றங்கள் நிகழ்ந்தன. பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த செல்லோக் கலைஞர் ஜூலியட் ஆல்வின் (1897–1982) 1958இல் இசைச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். பத்தாண்டுகள் கழித்து, 1968இல், லண்டனிலுள்ள கில்ட்ஹால் இசை நாடகப் பள்ளியில் இசைச் சிகிச்சைக்கான பட்டமேற்படிப்பைத் தொடங்கினார். ஓவியத்துக்கும் 1970ஐ ஒட்டிச் செயின்ட் ஆல்பன்ஸ் கலைப்பள்ளியிலும், அதன்பின் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியிலும் பயிற்சி வகுப்புகள் ஏற்பட்டன. ஆசிரியரிடம் உடனிருந்து பழகியது போய், பாடத்திட்டமும் தேர்வும் வந்தன.

நான்காம் விடை: சான்று

சான்று ஏன் தேவைப்பட்டது என்பதை வெறும் பதவி ஆசை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு பணிக்கு ஊதிய விகிதம் வேண்டுமெனில் அப்பணி இன்னதென்று வரையறுத்தாக வேண்டும். தனிப்பெயர் இல்லாதவரை வேறொரு பிரிவில் அடக்கிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. கூடை முடைதல், தையல் முதலான செயல்கள் வழியே நோயாளியை அன்றாட வாழ்வுக்கு மீட்கும் தொழில்வழிச் சிகிச்சையரின் கீழ் ஓவியச் சிகிச்சையரையும் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்தது. அதை அவர்கள் எதிர்த்தனர். கைக்கு வேலை கொடுப்பது ஒன்று, மனத்துக்கு மொழி கொடுப்பது வேறொன்று என்பது அவர்கள் வாதம். சங்கம், தொழிற்சங்கம், பல்கலைக்கழகம் ஆகிய மூன்று களங்களிலும் நடந்த இப்போராட்டத்தின் வரலாற்றை, அதில் தாமே முன்நின்ற டையான் வாலர் 1991இல் ஒரு நூலாக எழுதினார். அந்நூல் 1940இல் தொடங்கி 1982இல் முடிகிறது. ஓவியச் சிகிச்சையருக்கும் இசைச் சிகிச்சையருக்கும் சுகாதாரச் சேவையில் தனித்த பணிநிலையும் ஊதிய விகிதமும் ஏற்கப்பட்ட ஆண்டு அது.

அடுத்த படி சட்டம். மருத்துவத்தைச் சார்ந்த துணைத் தொழில்களுக்கான சட்டம் 1960இல் இயற்றப்பட்டபோது உடற்பயிற்சிச் சிகிச்சையர், கதிர்ப்படப் பணியாளர் முதலிய ஏழு தொழில்களே அதில் இடம்பெற்றிருந்தன. கலைச் சிகிச்சைகளான ஓவியம், இசை, நாடகம் ஆகிய மூன்றும் 1997இல் அதன் வரம்புக்குள் வந்தன. 2003இல் புதிய ஒழுங்குமுறை மன்றத்தின் பதிவேடு திறக்கப்பட்டது. அதன்பின் பதிவு செய்துகொள்ளாத ஒருவர் தம்மை ஓவியச் சிகிச்சையர் என்றோ இசைச் சிகிச்சையர் என்றோ நாடகச் சிகிச்சையர் என்றோ கூறிக்கொள்வது அந்நாட்டில் குற்றம்.

இன்று அப்பதிவேட்டில் புதிதாக இடம்பெற, மன்றத்தின் ஒப்புதல் பெற்ற முதுகலைப் படிப்பு வேண்டும். முழுநேரமாயின் பெரும்பாலும் இரண்டாண்டு. சேர்வதற்கு முன்பே உரிய கலையில் தேர்ச்சியும், துன்பத்தில் இருப்போரோடு பழகிய அனுபவமும் எதிர்பார்க்கப்படுகின்றன. பயிலும் காலத்தில் மருத்துவமனை, பள்ளி, சிறை போன்ற இடங்களில் மேற்பார்வையின்கீழ்ப் பணிபுரிய வேண்டும். மாணவர் தாமும் உளச்சிகிச்சைக்கு உட்பட வேண்டும் என்பது இப்படிப்புகளின் ஒரு கூறு. விதிமீட் இல்லத்தின் கொள்கை பாடத்திட்டத்துக்குள் நுழைந்துவிட்டதை இங்குக் காண்கிறோம். நடன அசைவுச் சிகிச்சை மட்டும் இச்சட்டப் பதிவேட்டுக்கு வெளியே நின்று, தன் சங்கத்தின் பதிவைக் கொண்டே இயங்குகிறது.

பெற்றதும் இழந்ததும்

ஹில்லும் ஆடம்சனும் இன்று விண்ணப்பித்தால் என்ன ஆகும்? விடை தெளிவு. தாம் பெயரிட்ட தொழிலில் ஹில்லுக்கு இடமில்லை. தாம் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்த அறைக்குள் ஆடம்சன் அப்பணிப்பெயரோடு நுழைய முடியாது. பதிவேடு திறந்தபோது, பழைய அனுபவசாலிகள் படிப்பின்றியும் விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது என்பது உண்மையே. அக்கதவு 2005இல் மூடப்பட்டது. முதுகலைக்குச் செலவிட இயலாதவர், வயது கடந்தபின் இப்பணியை நாடுபவர், நோயின் வழியாகவே கலையைக் கண்டடைந்தவர் ஆகியோருக்கு வாயில் இன்று குறுகலானது. இதை இழப்பு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் நாம் சான்றின் பக்கமே நிற்க விரும்புகிறோம். காரணம், இலக்கிய வகுப்பறை நமக்குக் கற்றுத்தந்த ஒரு வேறுபாடு. சங்கப் பாடலுக்கு நாம் தவறான பொருள் உரைத்தால் பாடிய புலவர் துன்புறுவதில்லை. அடுத்த உரையாசிரியர் திருத்திக்கொள்வார். மனம் நொந்த ஒருவர் வரைந்த கறுத்த வீட்டுக்கு, நல்லெண்ணம் மட்டுமே கொண்ட ஒருவர் அவசரப்பட்டுப் பொருள் கூறிவிட்டால், அப்பொருளைச் சுமந்துகொண்டு அவர் அன்றிரவைக் கழிக்க வேண்டும். அவருக்குப் பிழையைச் சுட்டும் வலிமையும் இருக்காது. தமக்கு முன் அமர்ந்திருப்பவர் தேர்ந்தவரா இல்லையா என்று ஆராயும் நிலையும் இருக்காது. அவர் சார்பில் அந்த ஆராய்ச்சியை முன்கூட்டியே செய்துவைப்பதுதான் பதிவேட்டின் வேலை. சான்றிதழ், அதைப் பெறுபவரின் பெருமைக்காக ஏற்பட்டதன்று. அவர்முன் அமர்பவரின் காப்புக்காக ஏற்பட்டது. அதிலிருந்து நீக்கப்பட்ட பெயரைப் பற்றி எவரும் கேட்டறியலாம். அன்பை மட்டுமே தகுதியாகக் கொண்டவரைப் பற்றி எங்கே சென்று முறையிடுவது?

ஆனால் சான்று எதை அளக்கிறது என்பதில் கவனம் வேண்டும். கோட்பாட்டை அளக்கலாம், பணிபுரிந்த நாள்களை அளக்கலாம். பொருள் கூறாமல் ஒருவர் பக்கத்தில் இருக்கும் ஆற்றலை அளப்பது கடினம். டாக்ஸ் 1946இல் விதித்த கட்டுப்பாடு ஆய்வுக்காக விதிக்கப்பட்டது. அதன் உட்பொருளை ஆடம்சனே கண்டறிந்தார். விளக்கத் தெரியாதவர் விளக்காதிருப்பதில் வியப்பில்லை. விளக்கக் கற்றவர், விளக்கும் வேளை இதுவன்று என்றறிந்து வாளாவிருத்தலே அரிது. முன்னது அறியாமை, பின்னது பயிற்சி. இப்பயிற்சியைத் தருமாயின் முதுகலைப் பட்டம் பழைய பொருளிலும் தகுதியாகும். தராதாயின் அது விண்ணப்பப் படிவத்தின் கட்டத்தை நிரப்ப மட்டுமே உதவும்.