பிரூக்கன் தெரு, 10-ஆம் எண் வீடு

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள டிரியர் நகரில், பிரூக்கன் தெரு 10-ஆம் எண் வீட்டில் 1818 மே 5 அன்று கார்ல் மார்க்ஸ் பிறந்தார். அது வாடகை வீடு. மறு ஆண்டே அவருடைய தந்தை, வழக்கறிஞர் ஹைன்ரிக், போர்ட்டா நிக்ரா என்னும் ரோமானியர் காலத்து நகர வாயிலுக்கு அருகில் சொந்த வீடு வாங்கிக் குடிபோய்விட்டார். மார்க்ஸ் வளர்ந்தது அங்கேதான். பிற்காலத்தில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் எதை எடுத்தாலும் ஒரு யூரோ என்று விற்கும் கடை நடந்தது. நினைவில்லம் ஆகும் பேறு வாடகை வீட்டுக்கே வாய்த்தது.

அதுவும் லேசில் வாய்க்கவில்லை. இதுதான் அவர் பிறந்த வீடு என்று தெரியவந்ததே 1904-இல்தான். சமூக ஜனநாயகக் கட்சி 1928-இல் அதை விலைக்கு வாங்கிப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தது. அருங்காட்சியகம் திறப்பதற்குள் 1933 வந்துவிட்டது. நாஜிகள் வீட்டைப் பறித்துக்கொண்டு தங்கள் நாளேட்டின் அலுவலகத்தை அங்கே வைத்தார்கள். போருக்குப் பின் வீடு கட்சியிடம் திரும்பி, 1947-இல் மார்க்ஸின் பிறந்தநாளன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1968 முதல் ஃபிரெடரிக் ஏபெர்ட் அறக்கட்டளை அதை நடத்திவருகிறது.

கத்தோலிக்கர் மிகுந்த இந்த நகரத்துக்குத் தன் பிள்ளைமீது பெருமையும் உண்டு, சங்கடமும் உண்டு. அவர் பிறந்த 200-ஆம் ஆண்டு விழாவுக்குச் சீனா அவருடைய சிலையைத் தர முன்வந்தபோது நகர மன்றத்தில் வாக்குவாதம் எழுந்தது. வாங்கிக்கொள்வதென்று 2017-இல் முடிவாயிற்று. வூ வெய்ஷான் வடித்த வெண்கலச் சிலை, பீடத்தோடு சேர்த்து ஐந்தரை மீட்டர் உயரம். நடந்துவரும் கோலம், கையில் ஒரு புத்தகம். அதே விழாவை ஒட்டிப் பாதசாரிகளுக்கான சிக்னல் விளக்கிலும் தாடிவைத்த மார்க்ஸ் பச்சையாக நடந்தார், சிவப்பாக நின்றார். அவர் படத்தோடு அச்சிட்ட ‘பூஜ்யம் யூரோ’ நோட்டை மூன்று யூரோவுக்கு விற்றார்கள். சரக்கைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்கு இப்படியும் ஒரு மரியாதை!

என்னைக் கேட்டால், டிரியர் கொண்டாட வேண்டியது 1843 ஜனவரியில் வெளிவந்த அவருடைய ஒரு கட்டுரைத் தொடரை. மோசல் சரிவுகளில் திராட்சை பயிரிட்டு ஒயின் வடித்த சிறு விவசாயிகள் அப்போது நொடித்துப்போயிருந்தார்கள். 1834-இல் ஜெர்மன் அரசுகளின் சுங்க ஒன்றியம் வந்ததும் பிற பகுதி ஒயின் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. அப்போது அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்யாவின் அதிகாரிகளோ விவசாயிகளின் முறையீட்டைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்க்ஸ் குடும்பத்துக்கும் அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம் இருந்தது. 24 வயது மார்க்ஸ், தாம் ஆசிரியராக இருந்த ரைனிஷ் நாளிதழில் அந்த விவசாயிகளின் நிலையை எழுதினார். மார்ச் இறுதியோடு அந்த நாளிதழ் தடையால் நின்றுபோனது. தம்மைப் பொருளாதாரத்தின் பக்கம் முதலில் திருப்பிவிட்டவற்றுள் இந்த மோசல் விவசாயிகளின் பிரச்சினையும் ஒன்று என்று 1859-இல் அவரே எழுதினார்.